குளிர்ந்த கடலில் ஓடு கட்டும் உயிர்கள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் புறாமலைத் தீவின் முருகைக்கற்கள் பற்றி எழுதிய குறிப்பில், கடலுயிர்களின் வன்கூடு எல்லா இடத்திலும் ஒரே இரசாயன அமைப்பைக் கொண்டதன்று என்றும், குளிர்நீரில் அது மாறுபடுகிறது என்றும் ஒரு வரி இடம்பெற்றிருந்தது. அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வருமென்று எதிர்பார்க்கவில்லை. ஆகவே இம்முறை அப்பொருள் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: உயர்தர வகுப்பில் உயிரியல் கற்கிறேன். சிப்பி, சங்கு, முருகைக்கல் யாவும் கல்சியம் காபனேற்றால் ஆனவை என்று படித்திருக்கிறோம். அந்தாட்டிக் கடலில் வாழும் முள்ளந்தண்டிலிகளுக்கும் இது பொருந்துமா? பொருந்துமாயின், குளிர் எதைத்தான் மாற்றுகிறது?
— மாணவி, உவர்மலை

பதில்: பாடநூல் சொல்வது பிழையன்று, ஆனால் அது வாசலிலேயே நின்றுவிடுகிறது. கல்சியம் காபனேற்று என்பது ஒரே சூத்திரமாக இருந்தாலும், அதன் அயன்கள் இரண்டு முக்கிய ஒழுங்குகளில் அடுக்கப்படலாம். ஒன்று கல்சைட்டு, மற்றையது அரகோனைட்டு. அரகோனைட்டு சற்று அடர்த்தி கூடியது. அதன் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 2.93 கிராம், கல்சைட்டினது 2.71 கிராம். அடர்த்தி கூடியது என்பதால் அது நீரில் உறுதியாக நிற்கும் என்று எண்ணிவிடக் கூடாது. கடல்நீரில் முதலில் கரையத் தொடங்குவது அரகோனைட்டுத்தான். புறாமலையின் கல்முருகைகள் (கல் போன்ற வன்கூட்டைக் கட்டும் முருகை உயிர்கள்), நம் கடலில் கிடைக்கும் சங்கு, கணவாய் ஓடு ஆகியவை அரகோனைட்டால் ஆனவை. சிப்பியினங்களில் ஒயிஸ்டரின் ஓடும், படகின் அடியில் ஒட்டிக்கொண்டு மீனவரைத் தொல்லைப்படுத்தும் கொட்டலசின் ஓடும் பெரும்பாலும் கல்சைட்டு. மைற்றிலஸ் எனப்படும் மட்டி இனம் இரண்டையும் ஒரே ஓட்டில் வைத்திருக்கிறது: வெளிப்புறம் கல்சைட்டு, உட்புறத்து மினுங்கும் படை அரகோனைட்டு.

இதற்கு மேல் மகனீசியம் என்றொரு விடயம் இருக்கிறது. கடல்நீரில் கல்சிய அயன் ஒன்றுக்கு ஏறத்தாழ ஐந்து மகனீசிய அயன்கள் உள்ளன. ஓடு கட்டும் உயிர் கல்சியத்தைத் தேடி எடுக்கும்போது மகனீசியமும் கூடவே வந்து சேர்கிறது. அரகோனைட்டின் பளிங்குச் சாலகத்தில், அதாவது அயன்கள் அடுக்கப்பட்டுள்ள சட்டகத்தில், கல்சியத்துக்குரிய இடம் அகலமானது. சிறிய மகனீசிய அயன் அதில் பொருந்துவதில்லை, பருத்த ஸ்ரோன்சியம்தான் பொருந்தும். கல்சைட்டில் நிலைமை மறுதலை. எனவே மகனீசியம் கலந்த கல்சைட்டு என்று ஒரு மூன்றாவது வகையையும் நாம் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது. கடல் அர்ச்சின், நட்சத்திரமீன், கடலட்டை முதலிய முட்தோலிகள் அனைத்தும் இந்த வகையைச் சேர்ந்தவை. கடலட்டை மென்மையான உயிராயிற்றே என்று கேட்பீர்கள். அதன் தோலுக்குள் நுணுக்குக்காட்டியில் மட்டும் தெரியும் சிறு துண்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. தொண்டையைச் சுற்றிய ஒரு சிறு வளையத்தைத் தவிர, அதன் வன்கூடு அவ்வளவுதான்.

குளிர் தலையிடுவது பெரும்பாலும் இந்த மகனீசியத்தில்தான். அமெரிக்கப் புவியியல் அளவைத் திணைக்களத்தின் கிளார்க், வீலர் என்ற இரு இரசாயனவியலாளர்கள் கடல்வாழ் முள்ளந்தண்டிலிகளின் வன்கூடுகளை நூற்றுக்கணக்கில் பகுப்பாய்வு செய்து, 1922இல் விரிவான அறிக்கையாக வெளியிட்டார்கள். ஒரே வகுப்பைச் சேர்ந்த உயிர்களை எடுத்துப் பார்த்தால், வெப்பக் கடலில் வாழ்பவற்றில் மகனீசியம் கூடுதலாகவும் குளிர்கடலில் வாழ்பவற்றில் குறைவாகவும் இருப்பதை அவர்களுடைய அட்டவணைகள் காட்டின. பின்னர் 1954இல் கீத் சேவ் என்பவர் அதே தொடர்பை இன்னும் தெளிவாக நிறுவியதோடு, அந்தத் தொடர்பின் அளவு உயிரின வகுப்புக்கு வகுப்பு மாறுபடுகிறது என்பதையும் எடுத்துக்காட்டினார். காரணத்தைப் பொதுவாக இவ்வாறு விளக்குகிறார்கள்: மகனீசிய அயன் தன்னைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகளை மிக இறுக்கமாகப் பிடித்திருக்கும். அவற்றை உதறிவிட்டுப் பளிங்கினுள் நுழைவதற்குச் சக்தி வேண்டும். வெப்பநிலை உயரும்போது அந்த நுழைவு எளிதாகிறது, தாழும்போது கடினமாகிறது. உயிரற்ற கரைசலிலிருந்து ஆய்வுகூடத்தில் கல்சைட்டை வளர்த்தாலும் இதே போக்குத் தெரிகிறது.

அதே 1954ஆம் ஆண்டில் ஹைன்ஸ் லோவென்ஸ்ராம் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். மைற்றிலஸ் மட்டி போன்று இரண்டு கனிமங்களையும் ஒருங்கே கட்டும் உயிர்களில், நீர் குளிரக் குளிர அரகோனைட்டின் பங்கு குறைந்து கல்சைட்டின் பங்கு கூடுகிறது என்பதே அது. பாறைகளிலும் கடற்பாசிகளிலும் மெல்லிய வலை போலப் படரும் பிரயோசோவன்களிலும் இதனை ஒத்த பரம்பலைக் காணலாம்: உயர் அகலக்கோடுகளில் பெரும்பாலான இனங்கள் கல்சைட்டையே கட்டுகின்றன, அரகோனைட்டைக் கட்டும் இனங்கள் வெப்பக் கடல்களை நோக்கி வரவரப் பெருகுகின்றன.

இதையெல்லாம் கேட்டதும் "குளிர்கடலில் கல்சைட்டு, வெப்பக்கடலில் அரகோனைட்டு" என்று ஒரு வரியில் எழுதிக்கொள்ளத் தோன்றும். பரீட்சைக் குறிப்பேடுகள் சிலவற்றில் அப்படியே எழுதியும் இருக்கிறார்கள். என் கருத்தில் அது சரியன்று. எந்தக் கனிமத்தைக் கட்டுவது என்பதை முதலில் தீர்மானிப்பது வெப்பநிலை அன்று, பரம்பரை. அந்தாட்டிக் கரையோரத்தில், உறைநிலையை ஒட்டிய நீரில், லற்றேனுலா எலிப்ரிக்கா என்னும் பெரிய மட்டி சேற்றுக்குள் புதைந்து வாழ்கிறது. அதன் ஓடு அரகோனைட்டு. அதே குளிர்நீரில் அடமூசியம் என்னும் விசிறிச் சிப்பி கல்சைட்டு ஓட்டுடன் வாழ்கிறது. ஒரே நீர், ஒரே குளிர், இரு வேறு கனிமங்கள். ஏனெனில் இரண்டும் இரு வேறு குடும்பங்கள். அங்குள்ள கடல் அர்ச்சினும் மகனீசியக் கல்சைட்டைக் கைவிட்டுவிடவில்லை, அதன் அளவைத்தான் குறைத்துக்கொண்டிருக்கிறது. மரபு வகுத்த எல்லைக்குள் கூட்டவும் குறைக்கவும் மட்டுமே வெப்பநிலைக்கு இடமுண்டு. ஒரே விலங்கின் உடலுக்குள்ளேயே வேறுபாடு இருப்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். கடல் அர்ச்சினின் முள்ளில் மகனீசியம் பொதுவாகக் குறைவு, உடலோட்டில் கூடுதல், பல்லின் சில பகுதிகளில் நூறு உலோக அயன்களுக்கு நாற்பது வரைகூட மகனீசியம் இருக்கலாம். பாறையைச் சுரண்டித் தின்னும் பல்லுக்கு அந்த வன்மை தேவைப்படுகிறது. மூன்று உறுப்புகளும் ஒரே வெப்பநிலையில் வளர்ந்தவைதான்.

கேள்வி: நம் கடல் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பானது. குளிர்கடல் உயிர்களைப் பற்றித் திருகோணமலையில் இருந்துகொண்டு பேசுவதில் என்ன பயன்?
— வாசகர், நிலாவெளி

பதில்: வெதுவெதுப்பானது மேல்நீர் மட்டுமே. திருகோணமலையை ஒட்டிய கொட்டியாரக் குடாவில் தொடங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு வெளியே செல்லச் செல்ல 3000 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு இறங்குகிறது. வங்காள விரிகுடாவில் 1000 மீற்றர் ஆழத்தில் வெப்பநிலை ஏறத்தாழ 6 அல்லது 7 பாகை செல்சியஸ். 3000 மீற்றரில் 2 பாகையை ஒட்டி நிற்கிறது. அந்த ஆழ்நீர் தென் சமுத்திரத்தில் குளிர்ந்து அமிழ்ந்து, அடித்தளம் வழியே வடக்கு நோக்கி ஊர்ந்து வந்த நீர். குளிர்கடலைத் தேடி நாம் அந்தாட்டிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. கோணேசர் மலையில் நின்று பார்க்கும் நீருக்கடியில், சில மைல் தூரத்திலேயே அது இருக்கிறது.

கேள்வி: குளிர்ந்த நீரில் ஓடுகள் கரைந்துவிடும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். சீனி சுடுநீரில்தானே கூடுதலாகக் கரைகிறது? அப்படியே கரையுமென்றால் துருவக் கடல்களில் ஓடுள்ள உயிர்கள் எப்படி வாழ்கின்றன?
— வாசகர், கிண்ணியா

பதில்: கேள்வியின் முதற்பாதிக்கு உங்கள் வீட்டுக் கேத்தலே விடை சொல்லும். கிணற்று நீரைக் கொதிக்கவைக்கும்போது அதன் அடியில் வெண்மையாகப் படிவது கல்சியம் காபனேற்றுத்தான். நீர் சூடாகும்போது அதில் கரைந்திருந்த காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது, இருகாபனேற்று காபனேற்றாக மாறுகிறது, கல்சியம் காபனேற்றோ சீனியைப் போலன்றிச் சூட்டில் கரைதிறன் குறைகிறது. எனவே அது படிகிறது. கடலில் இந்தச் செயலைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். குளிர்ந்த நீர் காற்றிலிருந்து கூடுதலான காபனீரொட்சைட்டை உள்வாங்குகிறது. அது நீருடன் சேர்ந்து காபோனிக் அமிலமாகி, காபனேற்று அயன்களைப் பிடித்து இருகாபனேற்றாக மாற்றிவிடுகிறது. ஓடு கட்டுவதற்கு வேண்டிய மூலப்பொருள் அந்தக் காபனேற்று அயனே. ஆழம் கூடும்போது அமுக்கமும் சேர்ந்து கரைதிறனை உயர்த்துகிறது. மேலிருந்து விழும் கழிவுகள் அழுகி வெளிவிடும் காபனீரொட்சைட்டும் அதனோடு கூடுகிறது.

கடல்நீர் ஒரு கனிமத்தால் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை அளவிட ஒரு விகிதம் பயன்படுகிறது. அது 1க்கு மேலாயின் அக்கனிமம் கரையாது நிலைக்கும், கீழாயின் கரையத் தொடங்கும். அரகோனைட்டைப் பொறுத்தவரை வெப்பக் கடல்களின் மேல்நீரில் இந்த விகிதம் 4ஐ ஒட்டியிருக்க, தென் சமுத்திரத்தின் மேல்நீரில் 1க்கும் 2க்கும் இடையில் நிற்கிறது. அதாவது அங்கேயும் மேல்நீர் பெரும்பாலும் நிரம்பிய நிலையில்தான் உள்ளது, ஆனால் மீதி மிகக் குறைவு. கீழே போகப் போக விகிதம் 1ஐத் தொடும் ஓர் ஆழம் வருகிறது. வட அத்திலாந்திக்கில் அந்த எல்லை 2000 மீற்றருக்கும் கீழே; வட பசுபிக்கில் சில நூறு மீற்றரிலேயே வந்துவிடுகிறது. இந்த ஒரு வேறுபாட்டின் விளைவைக் கடலடியில் கண்ணாற் காணலாம். நோர்வேயின் றொஸ்ற் தீவுகளுக்கு அப்பால், 300 முதல் 400 மீற்றர் ஆழத்தில், லொபீலியா என்னும் அரகோனைட்டுக் கல்முருகை ஏறத்தாழ 40 கிலோமீற்றர் நீளத்துக்குப் பாறைத்தொடர் அமைத்திருப்பது 2002இல் கண்டறியப்பட்டது. ஒளியே எட்டாத இடத்தில், வெப்பக் கடல் முருகைகளுக்கு உணவூட்டும் பாசியின் துணையும் இல்லாமல், 4 முதல் 12 பாகை வரையான நீரில் வாழும் உயிர் அது. வட பசுபிக்கில் அத்தகைய பெருந்தொடர்கள் இல்லை. அங்கே அலூசியன் தீவுகளைச் சுற்றிக் கடலடியை அழகு செய்பவை பெரும்பாலும் விசிறி போலக் கிளைக்கும் மென்முருகைகள். அவற்றின் சிறு முட்கள் கல்சைட்டால் ஆனவை. ஆழ்கடற் கல்முருகைப் பாறைத்தொடர்களின் பரம்பலை உலகப் படத்தில் குறித்துப் பார்த்தவர்கள், அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அரகோனைட்டு எல்லைக்கு மேலேயே அமைந்திருப்பதாகக் கண்டார்கள்.

இனி, அவை எப்படி வாழ்கின்றன என்பதற்கு வருவோம். வன்கூடு கடல்நீரில் நேரடியாகப் படிவதன்று. உயிர் தன் இழையத்துக்கும் ஓட்டுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய இடைவெளியில் ஒரு திரவத்தை அடைத்து வைத்து, அதிலிருந்து ஐதரசன் அயன்களை வெளியே இறைத்து, அங்குள்ள பீஎச் பெறுமானத்தை (அமிலத்தன்மை கூடக் கூடக் குறையும் அளவு) உயர்த்துகிறது. போரன் சமதானிகளை (ஒரே மூலகத்தின் வெவ்வேறு திணிவுள்ள அணுக்களை) கொண்டு அளந்தபோது, குளிர்நீர்க் கல்முருகைகள் சுற்றியுள்ள கடல்நீரைவிட அரை அலகுக்கும் மேலாக அதனை உயர்த்துவது தெரியவந்தது. இதற்குச் சக்தி செலவாகிறது. துருவத்தை நோக்கிச் செல்லச் செல்லப் பல சிப்பியினங்களின் ஓடு உடலளவுக்கு ஒப்பிடும்போது மெலிவதற்கு இந்தச் செலவும் ஒரு காரணம் எனக் கருதப்படுகிறது. ஓட்டின் வெளிப்புறத்தைப் புரதத் தோல் மூடிக் காக்கிறது. அந்தத் தோல் உரிந்த இடத்திலும், உயிர் இறந்தபின் வெறும் ஓடாக எஞ்சும்போதும் கரைதல் தொடங்குகிறது. ஆகவே அந்தக் காணொளி சொன்னது பாதி உண்மை: இறந்த ஓடு கரையும், உயிருள்ள ஓட்டைக் கட்டிய உயிரே காத்துக்கொள்ளும்.

ஆனால் அந்தக் காவலுக்கும் ஓர் எல்லை உண்டு. கைத்தொழிற் புரட்சிக்கு முன் வளிமண்டலத்தில் மில்லியனுக்கு 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு இன்று 420ஐக் கடந்துவிட்டது. கடலின் மேல்நீரின் பீஎச் இதனால் ஏறத்தாழ 0.1 குறைந்திருக்கிறது. மடக்கை அளவீடு என்பதால் சிறிதாகத் தெரியும் இந்த எண், ஐதரசன் அயன் செறிவில் கால்வாசிக்கும் மேலான அதிகரிப்பைக் குறிக்கிறது. மீதி குறைவாக உள்ள குளிர்கடலே இதை முதலில் உணர்கிறது. சிறகு போன்ற பாதங்களால் நீந்தும் கடல் வண்ணத்துப்பூச்சிகள் எனப்படும் சிறு நத்தைகளின் ஓடு மெல்லிய அரகோனைட்டு. தென் சமுத்திரத்தில் உயிருடன் பிடிக்கப்பட்டவற்றின் ஓட்டில் கரைவுத் தழும்புகள் இருந்ததை 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. கல்சைட்டு என்பதால் முட்தோலிகள் தப்பிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. மகனீசியம் ஓர் அளவைத் தாண்டினால் அந்தக் கல்சைட்டு அரகோனைட்டைவிடவும் எளிதில் கரையும். குளிர்கடல் முட்தோலியில் மகனீசியம் குறைந்திருப்பது அந்த வகையில் அதற்கு ஓரளவு சாதகம் என்பது என் எண்ணம்.

கேள்வி: கண்ணாடியால் ஆன கடற்பஞ்சு உண்டு என்கிறார்கள். உண்மையா?
— பாடசாலை மாணவன், சாம்பல்தீவு

பதில்: உண்மை, தம்பி. காபனேற்றுச் சிக்கல் எதிலும் மாட்டிக்கொள்ளாமல் வேறு வழியில் போன கூட்டம் அது. இந்தக் கடற்பஞ்சுகளின் வன்கூடு நீர் சேர்ந்த சிலிக்காவால் ஆனது. யன்னற் கண்ணாடியிலும் சிலிக்காதான் முதன்மை, ஆனால் மனிதர் அதை ஆயிரம் பாகைக்கு மேல் உருக்கி எடுக்கிறார்கள். கடற்பஞ்சு ஒரு புரத இழையைச் சுற்றி உறைகுளிரில், நீருக்குள்ளேயே அதைப் படையாகப் பூசி முடித்துவிடுகிறது. மொனோராபிஸ் என்னும் ஆழ்கடல் இனம் விரல் தடிப்பில் 3 மீற்றர் நீளமான ஒற்றைச் சிலிக்காத் தண்டை வளர்த்து, அதன்மேல் தான் ஏறி நிற்கிறது.

குளிர் இவற்றுக்கு இரு வகையில் துணை. சிலிக்காவின் கரைதிறன் காபனேற்றினதைப் போலன்றிக் குளிரில் குறைகிறது. மேலும் வெப்பக் கடல்களின் மேல்நீரில் கரைந்த சிலிக்கா மிகக் குறைவு, நுண்பாசிகள் அதைத் துடைத்து எடுத்துவிடுகின்றன. அந்தாட்டிக்காவைச் சுற்றிய நீரிலும் ஆழ்கடலிலும் அது பல மடங்கு கூடுதல். அந்தாட்டிக் கடலடியில் ஆள் உயரத்துக்கு வளரும் கண்ணாடிக் கடற்பஞ்சுகள் இருப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. கண்ணாடிக் கடற்பஞ்சுகள் கட்டிய பாறைத்தொடர்கள் டைனோசர் காலத்தோடு முடிந்துவிட்டன என்றே வெகுகாலம் நம்பினார்கள். 1980களின் பிற்பகுதியில் கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால், 200 மீற்றரை ஒட்டிய ஆழத்தில், அவை இன்றும் வளர்ந்துகொண்டிருப்பது தெரியவந்தது.

காபனேற்றும் வேண்டாம் சிலிக்காவும் வேண்டாம் என்று விட்டவையும் உள்ளன. கரும்பவளத்தின் வன்கூடு புரதமும், பூச்சிகளின் புறவோட்டில் உள்ள கைற்றினும் கலந்தது, கனிமம் அற்றது. ஹவாய்க்கு அப்பால் ஆழநீரில் எடுத்த ஒரு கரும்பவளத்தின் வயது 4000 ஆண்டுகளுக்கும் மேல் எனக் காபன் காலக்கணிப்பில் தெரிந்தது. கல்லாகாத வன்கூடு கல்லைவிட நெடுங்காலம் நின்றிருக்கிறது.

கேள்வி: பழங்காலக் கடல்நீரின் வெப்பநிலையை ஓட்டிலிருந்து அறிகிறார்கள் என வாசித்தேன். வெப்பமானி இல்லாமல் இது எவ்வாறு இயலும்? இதை எந்த அளவுக்கு நம்பலாம்?
— ஆசிரியர், மூதூர்

பதில்: ஒட்சிசன் அணுக்களில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ இரண்டு, சாதாரண 16க்குப் பதிலாக 18 என்னும் திணிவெண் கொண்டவை. காபனேற்று படியும்போது, நீர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவுக்கு அந்தப் பாரமான ஒட்சிசன் ஓட்டில் சற்றுக் கூடுதலாகச் சேர்கிறது. ஒரு பாகைக்கு ஆயிரத்தில் 0.2 பங்கு அளவிலான சிறு மாற்றம்தான், ஆயினும் அணுக்களைத் திணிவின்படி பிரித்தளக்கும் திணிவு நிறமாலைமானிக்கு அது போதும். ஹரல்ட் யூரே இந்தக் கருத்தை 1947இல் வெளியிட்டார். 1950களின் தொடக்கத்தில் எப்ஸ்ரைன் முதலானோர், தெரிந்த வெப்பநிலையில் வளர்ந்த ஓடுகளைக் கொண்டு அளவுகோலை வகுத்தார்கள். கல்முருகையில் ஸ்ரோன்சியத்தின் பங்கும் இதுபோன்ற இன்னொரு சான்று: குளிரில் அது கூடுகிறது, வெப்பத்தில் குறைகிறது.

நம்பகம் பற்றி நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. மூன்று இடங்களில் தடுக்கி விழலாம். துருவங்களில் பனிப்படலம் பெருகும் காலத்தில் இலேசான ஒட்சிசன் பனியில் சிறைப்பட, கடல்நீரே பாரமாகிவிடும். ஓட்டில் தெரிவது குளிரா, பனியா என்று பிரித்தறிய வேண்டும். இரண்டாவது, கல்முருகைகளும் முட்தோலிகளும் இரசாயனச் சமநிலையைப் பின்பற்றாமல் தம் உடற்றொழிற்பாட்டுக்கேற்ப விலகிச் செல்கின்றன. மட்டிகள் ஒப்பீட்டளவில் ஒழுங்கானவை. மூன்றாவது, அரகோனைட்டு காலப்போக்கில் கல்சைட்டாக மாறி, தான் வைத்திருந்த பதிவையும் அழித்துவிடுகிறது. அதனாலேயே கோடிக்கணக்கான ஆண்டுகள் பழமையான கடலைப் பற்றி அறிய, மகனீசியம் குறைந்த கல்சைட்டு ஓடு கொண்ட பிரக்கியோப்பொட்டுகளையும் (சிப்பியை ஒத்த ஈரோட்டு உயிர்கள்) பெலம்னைற்றுகளையும் (அழிந்துபோன கணவாய் உறவினங்கள்) தேடுகிறார்கள். அண்மைக் காலத்துக்கு அரகோனைட்டும் அருமையான ஏடுதான். ஐஸ்லாந்துக்கு அப்பால் 2006இல் எடுத்த ஆர்க்ரிக்கா என்னும் மட்டியின் ஓட்டில் ஆண்டு வளையங்களை எண்ணியபோது அதன் வயது 507 எனத் தெரிந்தது. ஐந்து நூற்றாண்டு காலக் குளிர்கடல் வரலாறு, ஆண்டு ஆண்டாக ஓர் ஓட்டில் பதிந்திருந்தது.

கேள்வி: வெற்றிலைக்குச் சங்குச் சுண்ணாம்பு நல்லதா, முருகைக்கற் சுண்ணாம்பா? குளிர்நாட்டுச் சிப்பியைச் சுட்டாலும் அதே சுண்ணாம்புதானா?
— வாசகர், தம்பலகாமம்

பதில்: 900 பாகையளவில் சுட்டதும் அரகோனைட்டு, கல்சைட்டு என்ற பேதம் மறைந்து கல்சியம் ஒட்சைட்டு மட்டும் எஞ்சும், அதன்பின் எந்தக் கடலில் வளர்ந்தது என்று சுண்ணாம்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. சங்கும் முருகைக்கல்லும் அரகோனைட்டு ஆதலால் இரண்டிலும் மகனீசியம் சொற்பமே. சுவையை நீங்கள்தான் சொல்ல வேண்டும். முருகைக்கல்லை உடைத்தெடுப்பது சட்டவிரோதம் என்பதால் எங்கள் பரிந்துரை சங்கு.

கேள்வி: மாணவரின் செயற்றிட்டத்துக்கு, ஓடுகளிலுள்ள மகனீசிய வேறுபாட்டைப் பாடசாலை ஆய்வுகூடத்தில் காட்ட முடியுமா? எலுமிச்சைச்சாறு விட்டுப் பார்த்தோம். எல்லாம் ஒன்றுபோலவே நுரைக்கின்றன.
— இரசாயனவியல் ஆசிரியை, திருகோணமலை நகர்

பதில்: நுரை காபனேற்று இருப்பதைச் சொல்லுமேயன்றி, அது எந்தக் காபனேற்று என்பதைச் சொல்லாது. கல்சைட்டா அரகோனைட்டா என்று உறுதியாக அறிய பளிங்கின் அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் விளிம்புவளைவு தேவை, அது பாடசாலைக்கு எட்டாது. ஆனால் மகனீசியத்தை, உலோக அயன்களைப் பற்றிப்பிடிக்கும் ஈ.டீ.டீ.ஏ. கரைசலைக் கொண்டு நியமிப்பு மூலம் அளக்கலாம். மாதிரியை வெளிற்றும் திரவத்தில் ஊறவைத்துச் சதைப்பகுதியை நீக்கி, நன்கு கழுவி, உலர்த்தி, தூளாக்கி, நிறுத்து, ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் கரைத்துக்கொள்ளுங்கள். கரைசலின் ஒரு பங்கை அமோனியாத் தாங்கற் கரைசலால் பீஎச் 10இல் வைத்து, எரியோக்குரோம் பிளாக் ரீ காட்டியுடன் நியமித்தால் கல்சியமும் மகனீசியமும் சேர்ந்த மொத்தம் கிடைக்கும். இன்னொரு சம பங்கைச் சோடியம் ஐதரொட்சைட்டால் பீஎச் 12க்கு மேல் உயர்த்தினால் மகனீசியம் ஐதரொட்சைட்டாக வீழ்படிந்து ஒதுங்கிவிடும். அதை மியூரெக்சைட்டுக் காட்டியுடன் நியமித்தால் கல்சியம் மட்டும் தெரியும். இரண்டுக்குமான வேறுபாடே மகனீசியம். சங்கிலும் கணவாய் ஓட்டிலும் அந்த வேறுபாடு அனேகமாகப் பூச்சியத்தை ஒட்டியிருக்கும், கரையொதுங்கிய கடல் அர்ச்சின் ஓட்டில் ஐயத்துக்கிடமின்றித் தெரியும்.

இதில் கிடைக்கும் எண்ணைக் குளிர்கடல் இனங்களுக்கான வெளியீட்டு எண்களோடு ஒப்பிட விரும்பினால், முட்தோலியை முட்தோலியோடும், உடலோட்டை உடலோட்டோடும் மட்டுமே ஒப்பிடச் சொல்லுங்கள். சங்கை அந்தாட்டிக் நட்சத்திரமீனோடு ஒப்பிட்டு வெப்பநிலையின் விளைவு என்று எழுதினால், மாணவர் அளந்தது குலவேறுபாட்டையேயன்றிக் குளிரை அன்று. கடலட்டைத் தோலையும் சேர்த்துக்கொள்வதாயின் வினாகிரியில் ஊறவைத்துவிடாதீர்கள், துண்டங்கள் கரைந்துவிடும். வெளிற்றும் திரவம் போதும். மாதிரிகளை மீன்சந்தைக் கழிவிலிருந்தும் கரையோரத்திலிருந்தும் எடுங்கள். புறாமலை தேசிய பூங்கா ஆதலால் அங்கிருந்து ஓர் ஓட்டைத்தானும் எடுத்துவர அனுமதியில்லை.